வழிபாட்டில் இசை – 9: ஆர்கன் பீடத்துக்கு நடந்த போட்டிகள்

தேவாலய ஆர்கனிஸ்டைப் போட்டி வைத்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டிலேயே நிலைபெற்றுவிட்டது. இன்றைய இசைப் போட்டிகள் பரிசுக்காகவும் பெயருக்காகவும் நடப்பவை. அந்தப் பழைய போட்டிகளில் வென்றவருக்குக் கிடைத்தது வேலை. வாழ்நாள் முழுவதும் ஞாயிறுதோறும் திருநாள்தோறும் அந்த ஒரே ஆலயத்தில் உட்கார்ந்து வாசிக்கும் பொறுப்பு அது. ஆகவே, ஒருவர் எவ்வளவு அழகாக வாசிக்கிறார் என்பதோடு கேள்வி நிற்கவில்லை. வழிபாடு நடக்கும்போது இவரை நம்பலாமா என்பதையும் சபை தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இந்த இரண்டு கேள்விகளும் சேர்ந்தும் பிரிந்தும் வந்ததுதான் ஆர்கன் போட்டிகளின் வரலாறு.

ஆர்கனிஸ்டின் வேலை எத்தகையது என்பதை முதலில் பார்த்துவிட்டால் போட்டிகளில் ஏன் அப்படிப்பட்ட சோதனைகள் வைத்தார்கள் என்பது விளங்கும். பைப் ஆர்கனில் ஆயிரக்கணக்கான குழாய்கள் இருக்கும். கையால் வாசிக்க இரண்டு, மூன்று, சில இடங்களில் ஐந்து கட்டைவரிசைகள் வரை உண்டு. காலால் வாசிக்க மிதிகட்டைகள் தனி. எந்தக் குழாய் வரிசைக்குக் காற்றுப் போகவேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை ‘ஸ்டாப்’ எனப்படும் இழுகுமிழ்கள். வாசிப்பவர் இவை அனைத்தையும் ஆண்டுகொண்டே ஆராதனையின் போக்கையும் கவனிக்க வேண்டும். குருவானவர் பீடத்துக்கு வந்துசேரத் தாமதமானால் இசையை நீட்ட வேண்டும், முன்னதாக வந்துவிட்டால் முறையாக முடிக்க வேண்டும். பாடகர் குழு சுருதி இறங்கிப் பாடினால் அதற்கேற்ப மாற்றி வாசிக்க வேண்டும். எழுதி வைத்த இசை இதற்கெல்லாம் உதவாது. அந்தந்த நொடியில் கட்டி வாசிக்கும் மனோதர்மமே ஆர்கனிஸ்டுக்கு உயிர்நாடி.

வெனிஸ் நகரத்துப் புனித மாற்கு பேராலயத்தில் நடந்த சோதனை இதை நன்கு காட்டுகிறது. வேட்பாளருக்கு முன்னால் பாடல் புத்தகத்தைக் கண்போன இடத்தில் திறப்பார்கள். அங்கு தென்படும் ஒரு சிறு இசைத்துணுக்கை எடுத்துக்கொண்டு, நான்கு பாடகர்கள் நான்கு குரலில் ஒழுங்காகப் பாடுவதுபோல அவர் உடனே கட்டி வாசிக்க வேண்டும். அடுத்து, வழிபாட்டு மெட்டு ஒன்றை அடிநாதமாக வைத்து அதை ஒவ்வொரு குரலிலும் மாறி மாறி வரச்செய்ய வேண்டும். மூன்றாவது சோதனையே மிகக் கடினம். அதிகம் பழக்கமில்லாத ஓர் அடியைப் பாடகர் குழு பாடும். வேட்பாளர் அதைக் கேட்ட மாத்திரத்தில் அதே சுருதியிலும், பிறகு வேறு சுருதிகளிலும் திருப்பிச் சொல்ல வேண்டும். 1557இல் அங்கு ஒரு பீடம் காலியானபோது ஆந்திரேயா கப்ரியேலி முயன்றும் கிடைக்கவில்லை. 24 வயதுக் கிளாவ்டியோ மெருலோ வென்றார். கப்ரியேலி 1566 வரை காத்திருந்தே அந்த ஆலயத்தின் ஆர்கனிஸ்டானார். இருவருமே இன்று இசை வரலாற்றின் பெரிய பெயர்கள். தோற்றவரும் அத்தகையவர் என்றால் அந்தச் சோதனையின் தரம் சொல்லாமலே விளங்கும்.

ஜெர்மனியின் வடபகுதி இந்தப் பதவிகளுக்குப் பேர்பெற்றது. வாணிகத்தால் செழித்த ஹாம்பர்க், லூபெக் போன்ற துறைமுக நகரங்கள் தங்கள் ஆலயங்களில் மிகப் பெரிய ஆர்கன்களைக் கட்டி நிறுத்தின. 1725இல் ஹாம்பர்க் பேராலயப் பதவிக்கு நடந்த தேர்வின் விவரத்தை அந்நகர இசையறிஞர் யோஹான் மாத்தேசோன் எழுதி வைத்திருக்கிறார். சிறிய முன்னிசை ஒன்றைச் சொந்தமாக வாசிக்க வேண்டும். சபை பாடும் பாட்டு ஒன்றை விரித்து வாசிக்க வேண்டும். அங்கேயே கொடுக்கப்படும் கருவிலிருந்து ‘பியூக்’ எனும் பின்னல் இசையைக் கட்ட வேண்டும். பிறகு அதே கருவை வீட்டுக்கு எடுத்துப்போய் எழுதி இரண்டு நாளில் ஒப்படைக்க வேண்டும். அடிக்குரல் மட்டும் எழுதப்பட்ட தாளைப் பார்த்துப் பாடகருக்குத் துணை வாசிக்கவும் வேண்டும். கைத்திறன், காதுத்திறன், எழுத்துத்திறன், ஒத்திசைவு எல்லாவற்றையும் ஒரே தேர்வில் அளந்த இத்தகைய பாடத்திட்டம் அதற்குப் பிறகும் அரிதாகவே அமைந்தது.

திறமை மட்டுமே எப்போதும் வென்றுவிடவில்லை. லூபெக்கில் முதிர்ந்த ஆர்கனிஸ்ட் டீட்ரிக் புக்ஸ்டெஹூடவுக்குப் பின் பதவிக்கு வருபவர் அவர் மகளை மணக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. 1703இல் மாத்தேசோனும் இளைஞர் ஹேண்டலும் அங்கு போய்ப் பார்த்துவிட்டு, மணத்தில் நாட்டமின்றித் திரும்பினார்கள். 1705இல் ஆர்ன்ஸ்டாட்டிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நடந்துபோன பாக் அந்த முதியவரின் இசையைக் கேட்டுக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினார். கடைசியில் பதவியையும் மகளின் கையையும் ஏற்றவர் ஷீஃபர்டெக்கர் என்பவர்.

பாக் வாழ்வில் வேறொரு தேர்வு இன்னும் கசப்பானது. 1720இல் ஹாம்பர்க்கின் புனித யாக்கோபு ஆலயத்தில் ஆர்கன் பீடம் காலியாயிற்று. அது ஆர்ப் ஷ்னிட்கர் கட்டிய, நான்கு கட்டைவரிசைகளும் 60 ஸ்டாப்களும் கொண்ட மகத்தான கருவி. பாக் அந்நகருக்கு வந்து, புனித கத்தரீன் ஆலயத்தில் மூத்த இசைஞர் ரைன்கென் முன்னிலையில் ஒரே பாட்டை ஏறத்தாழ அரைமணி நேரம் விரித்து வாசித்தார். அந்தக் கலை செத்துப்போயிற்று என்று நினைத்திருந்த முதியவர் நெகிழ்ந்து பாராட்டினார். ஆனால் தேர்வு நடக்கவிருந்த நாளுக்கு முன்பே பாக் தம்மைப் பணியமர்த்தியிருந்த சிற்றரசரிடம் திரும்ப வேண்டியதாயிற்று. பதவி, பின்னர் ஆலயக் கருவூலத்துக்கு 4000 மார்க் செலுத்திய ஹைட்மன் என்பவருக்குப் போனது. அவ்வாலயத்தின் போதகர் நோய்மைஸ்டர், வானதூதனே இறங்கிவந்து வாசித்தாலும் பணமில்லாவிட்டால் திரும்பிப் பறக்க வேண்டியதுதான் என்ற பொருள்படத் தம் கிறிஸ்துமஸ் பிரசங்கத்தில் வருந்திப் பேசினார் என்று மாத்தேசோன் குறித்திருக்கிறார். பாக்கின் மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடமன் 1733இல் டிரெஸ்டனின் சோஃபியா ஆலயத்தில் போட்டியிட்டு நேர்மையாகவே பதவியைப் பெற்றார்.

ரோமாபுரியில் ஹேண்டலும் டொமினிகோ ஸ்கார்லாட்டியும் மோதியதாகவும், 1717இல் டிரெஸ்டனில் பாக்குடன் மோத இருந்த பிரெஞ்சு இசைஞர் மார்ஷான் விடியுமுன் ஊரைவிட்டுப் போய்விட்டதாகவும் சொல்லப்படும் கதைகள் புகழ்பெற்றவை. அவை பிரபுக்களின் கூடங்களுக்கு உரியவை. தேவாலயப் பதவித் தேர்வுகளோடு அவற்றைச் சேர்த்துக் குழப்பக் கூடாது.

லண்டனில் நிலைமை வேறு. அங்கு ஆர்கனிஸ்டைத் தேர்ந்தெடுத்தவர்கள் அந்தந்தத் திருச்சபையின் உறுப்பினர்கள். வாக்கெடுப்பும் சிபாரிசும் அதிகம் புழங்கின. ஆயினும் 1725இல் ஹனோவர் சதுக்கத்துப் புனித ஜார்ஜ் ஆலயத்தில் முறையான போட்டி நடந்தது. கொடுக்கப்பட்ட கருக்களை வைத்து உடனடியாகப் பியூக் கட்டி வாசித்த தாமஸ் ரோசின்கிரேவ் வென்றார். அடுத்த ஆண்டே இன்னொரு வியப்பு. புனித அந்திரேயா ஹோல்பர்ன் ஆலயத்தில் பல வேட்பாளர்களைத் தாண்டி 14 வயதுச் சிறுவன் ஜான் ஸ்டான்லி தேர்ந்தெடுக்கப்பட்டான். இரண்டு வயதில் ஏற்பட்ட விபத்தில் அவன் பார்வையை இழந்தவன். 1734இல் டெம்பிள் ஆலயத்துக்கும் ஆர்கனிஸ்டாகி, இரு இடங்களிலும் அரை நூற்றாண்டு பணிசெய்தார் ஸ்டான்லி. அவர் வாசிப்பைக் கேட்க ஹேண்டலே வந்து அமர்ந்ததுண்டு.

பார்வையற்றோர் வழிபாட்டு இசையில் பெற்ற இடத்துக்குத் தமிழகத்திலும் பழைய சான்று உண்டு. விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர்க் கோயிலில் திருப்பதியம் பாடுவதற்குக் கண்பார்வையற்ற 16 பேரையும் அவர்களுக்கு வழிகாட்ட இருவரையும் அமர்த்தி, நிவந்தம் அளித்ததைச் சோழர் காலக் கல்வெட்டு தெரிவிக்கிறது. தேவாலயத்தில் ஆர்கனிஸ்ட் செய்யும் வேலைக்கு நம் கோயில்களில் மிக நெருங்கியது ஓதுவாரின் பணிதான். இரண்டும் கடவுள் முன்னிலையில், குறித்த வேளையில், குறித்த முறையில் ஆற்றும் இசைப்பணி. அதற்குக் கோயில் கொடுக்கும் ஊதியம் உண்டு, தகுதி வரம்பும் உண்டு.

தகுதியைப் பற்றிச் சோழர்கள் எவ்வளவு தெளிவாகச் சிந்தித்தார்கள் என்பதற்குத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டு சான்று. திருப்பதியம் பாட 48 பேர், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர் என 50 பேரை முதலாம் ராஜராஜன் நியமித்தான். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல். இவர்களில் ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அவருடைய நெருங்கிய உறவினர் அந்த நெல்லைப் பெற்றுப் பாட வேண்டும். உறவினருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரைத் தேடி நிறுத்திப் பாடுவிக்க வேண்டும். உறவினரே இல்லையென்றால் மற்றப் பாடகர்கள் கூடித் தகுதியானவரைத் தேர்ந்தெடுப்பார்கள். பரம்பரை உரிமையை மறுக்காமலே தகுதியை அதற்கு மேலே வைத்த ஏற்பாடு இது. சக இசைஞரே தேர்வாளர் என்ற கடைசி விதி ஹாம்பர்க்கின் புனித யாக்கோபு ஆலயத்தில் 1720இல் இருந்திருந்தால் பாக் அங்கேயே இருந்திருக்கலாம்.

அந்தத் தகுதி எதில் அடங்கியது என்பதற்குக் காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், செய்யாற்றங்கரையில் இருக்கும் மாகறலை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தொண்டைநாட்டுப் பாடல்பெற்ற தலங்கள் 32இல் ஒன்று இது. திருஞானசம்பந்தர் மூன்றாம் திருமுறையில் பாடிய மாகறல் பதிகத்துக்கு உரிய பண் சாதாரி. இன்றைய வழக்கில் அது பந்துவராளி ராகத்தில் பாடப்படுகிறது. மாகறலீசுவரர் சந்நிதியில் பாட வருபவருக்குச் சொல்லும் சீர்ப்பிரிப்பும் தெரிந்திருக்க வேண்டும், பண்ணின் உருவும் கைவந்திருக்க வேண்டும். பதிகம் தாளத்தோடு நடப்பதா, தாளமின்றிச் சுத்தாங்கமாய்ப் பாட வேண்டியதா என்பதும் அறிந்திருக்க வேண்டும். பூசை நேரம் நீண்டால் பாட்டை எங்கே நிறுத்தி எங்கே தொடர்வது என்ற தெளிவு அவசியம். வெனிஸ் தேர்வாளர் கேட்டதும் ஏறக்குறைய இதுவே.

ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டு போட்டியின் இடத்தில் சான்றிதழைக் கொண்டுவந்தது. 1864இல் லண்டனில் தொடங்கிய ஆர்கனிஸ்டுகள் கல்லூரி பின்னர் அரச பட்டயம் பெற்றது. அதன் தேர்வுகளில் கொடுத்த மெட்டுக்கு உடனே ஒத்திசை சேர்ப்பது, பார்த்த மாத்திரத்தில் சுருதி மாற்றி வாசிப்பது, பல குரல் எழுத்தை ஒரே பார்வையில் படிப்பது ஆகியவை கட்டாயம். அதே நோக்கில் அமெரிக்காவில் 1896இல் ஆர்கனிஸ்டுகள் கில்டு உருவாயிற்று. இனி ஓர் ஆலயம் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சோதிக்க வேண்டியதில்லை, பெயருக்குப் பின்னுள்ள பட்ட எழுத்துகளே போதும் என்றாயிற்று.

பிரான்ஸ் மட்டும் பழைய வழியை விடவில்லை. பாரிஸ் இசைக் கல்லூரியில் சேசார் பிராங்க் ஆர்கன் வகுப்பை நடத்திய 1872 முதல் 1890 வரையான காலத்தில் பரிசுத் தேர்வின் நான்கு பகுதிகளில் மூன்று மனோதர்மம் சார்ந்தவை. மனப்பாடமாக வாசிக்க வேண்டிய படைப்பு ஒன்றே ஒன்றுதான். அந்த மரபில் வளர்ந்த லூயி வியர்ன், பிறவியிலேயே பார்வை மிகக் குன்றியவர். 1900இல் பாரிஸ் நோத்ர தாம் பேராலயப் பீடத்துக்கு நடந்த போட்டியில் வென்று, 37 ஆண்டுகள் அங்கே வாசித்தார். 1937 ஜூன் 2 அன்று கச்சேரி நடந்துகொண்டிருக்கும்போதே அந்த ஆர்கன் முன் உயிர் நீத்தார். அதே பேராலயம் 1985இல் மீண்டும் போட்டி வைத்து நால்வரைத் தேர்ந்தெடுத்தது. அவர்களில் இளையவர் ஒலிவியே லாத்ரி, வயது 23. இன்னொருவரான ழான்-பியேர் லெகே பார்வையற்றவர்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பதவியோடு தொடர்பில்லாத, பரிசுக்கான போட்டிகள் பெருகின. நெதர்லாந்தின் ஹார்லெம் நகரில் 1951இல் தொடங்கியது முழுக்க மனோதர்மத்துக்கு என்றே அமைந்த போட்டி. நடக்குமிடம் புனித பாவோ ஆலயம். அங்கே 1738இல் கிறிஸ்டியன் முல்லர் கட்டி முடித்த ஆர்கனில் 1766இல் பத்து வயது மோட்சார்ட் வாசித்திருக்கிறார். போட்டிக்கான கருவை வாசிக்கச் சற்று முன்னர்தான் கையில் கொடுப்பார்கள். டச்சு இசைஞர் பீட் கே 1953, 1954, 1955 என மூன்று ஆண்டும் அடுத்தடுத்து வென்றார். இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் பேராலயத்தில் புதிய ஆர்கன் 1962இல் அமைந்தபோது, அதைக் காட்டவும் பயன்படுத்தவும் அங்கு இசைத்தலைவராக இருந்த பீட்டர் ஹர்ஃபர்ட் மறு ஆண்டே ஒரு விழாவையும் போட்டியையும் தொடங்கினார். நியூசிலாந்திலிருந்து வந்த கில்லியன் வியர் 1964இல் வென்று உலகப் புகழ் பெற்றார். சார்த்ர் பேராலயப் போட்டி 1971இல் வந்தது. இவற்றால் ஆர்கன் கலைக்குக் கிடைத்த ஏற்றம் பெரிது. ஆனால் இத்தகைய போட்டியில் வெல்லும் கலைஞர் ஆலயப் பீடத்தைவிடக் கச்சேரி மேடைக்கே தயாரானவராக இருந்தார். சபையைப் பாடவைக்கும் திறன் மதிப்பெண் பட்டியலில் இடம்பெறவில்லை.

அந்தக் குறையை உணர்ந்து நடந்தவை பெரிய சர்வதேசப் போட்டிகள் அல்ல, வட்டாரப் போட்டிகள். அமெரிக்க கில்டு 24 வயதுக்கு உட்பட்டவர்களுக்காக நெடுங்காலம் நடத்திவந்த போட்டி அதற்கு நல்ல சான்று. முதலில் அந்தந்த ஊர்க் கிளை தன் அளவில் ஒரு சுற்றை நடத்தும். அதில் வென்றவர் வட்டாரச் சுற்றுக்குப் போவார். ஒற்றைப்படை ஆண்டுகளில் நடக்கும் வட்டார மாநாட்டோடு இது இணைந்திருந்தது. வென்றவருக்கு மாநாட்டு மேடையில் சக இசைஞர் முன் வாசிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. மிசௌரி மாநிலத்தின் க்விம்பி என்ற ஆர்கன் கட்டும் நிறுவனம் பரிசளித்து ஆதரித்தது. பாக் படைப்பும் பிற்காலப் படைப்புகளும் வாசிப்பதோடு, சபை பாடும் சாதாரணப் பாமாலைப் பாட்டு ஒன்றையும் போட்டியாளர் வாசித்தாக வேண்டும் என்பது இதன் சிறப்பு விதி. கடினமான படைப்பில் தேர்ந்த இளைஞர் எளிய பாட்டில் தடுமாறுவது நடுவர்களுக்குப் புதிதல்ல. பாடுபவர் மூச்சு விட இடம் தருகிறாரா, அடுத்த சரணத்தின் பொருளுக்கேற்ப ஸ்டாப் மாற்றுகிறாரா, எல்லாரும் பாடக்கூடிய வேகத்தில் போகிறாரா என்பவை அந்த ஒரு பாட்டில் தெரிந்துவிடும். ஊர்க் கிளையிலிருந்து தொடங்கியதால், பெருநகரத்துக்குப் போக வழியில்லாத சிற்றூர் ஆலயத்து மாணவருக்கும் தேர்ந்தவர்களின் செவியும் கருத்தும் கிட்டின. இந்தப் பயன் பரிசுத் தொகையைவிடப் பெரியது.

தமிழ்நாட்டில் ஆங்கிலேயர் கட்டிய ஆலயங்களோடு ஆர்கனும் வந்தது. சென்னைக் கோட்டையில் 1680இல் அர்ப்பணிக்கப்பட்ட புனித மரியாள் ஆலயம், பின்னர் எழுந்த புனித ஜார்ஜ் பேராலயம், 1821இல் திறக்கப்பட்ட எழும்பூர் புனித அந்திரேயா கிர்க் ஆகியவை பைப் ஆர்கன் இசைக்குப் பெயர்பெற்றவை. ஆனால் கடற்கரை ஈரமும் கரையானும் ஆர்கனின் தோல், மரப் பகுதிகளுக்குப் பகை. பழுதுபார்க்கத் தெரிந்தவரும் குறைவு. ஆகவே பெரும்பாலான தமிழ்ச் சபைகளில் ஆர்மோனியமும் மிதித்து வாசிக்கும் ரீட் ஆர்கனும், பின்னர் மின்னணுக் கீபோர்டுமே புழங்கின. 1842இல் மிஸ்க்வித் என்ற பெயரில் தொடங்கி இன்று மியூசி மியூசிக்கல் என அறியப்படும் சென்னைக் கடை இக்கருவிகளை விற்பதோடு கற்பிக்கும் இடமாகவும் ஆனது. லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வுகள் 1901 முதல் இங்கு நடந்துவந்தன. 1893இல் தோன்றிய மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் பாடகர் குழுவை நடத்தியவரும், கிர்க்கின் ஆர்கனிஸ்டும், வானொலியில் மேற்கத்திய இசையைக் கவனித்தவருமான ஹேண்டல் மேனுவல் பல தலைமுறை மாணவரை உருவாக்கினார். சுருங்கச் சொன்னால், இங்கு ஆர்கனிஸ்டின் தகுதியை அளந்தது பதவிப் போட்டி அல்ல, கிரேடு தேர்வு.

அந்தத் தேர்வு தமிழ்ச் சபையின் பாதித் தேவையையே அளக்கிறது. தென்னிந்தியத் திருச்சபை ஆராதனையில் பாமாலைகளும் கீர்த்தனைகளும் அருகருகே பாடப்படுகின்றன. பாமாலைகள் ஐரோப்பிய மெட்டில் அமைந்த நான்கு குரல் பாட்டுகள். கீர்த்தனைகள் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் அவர் வழிவந்தோரும் கர்நாடக ராகத்தில் இயற்றியவை. 1853இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் அவற்றைத் தொகுத்து அச்சிட்ட பிறகு அவை சபையெங்கும் பரவின. இன்றும் புத்தகத்தில் ஒவ்வொரு கீர்த்தனையின் தலைப்பிலும் ராகமும் தாளமும் அச்சிடப்படுகின்றன. பாமாலைக்குப் பழகிய கை கீர்த்தனைக்கும் ஒத்திசைக் கொத்துகளைப் போடும்போது ராகம் தன் உருவை இழக்கிறது. தோடியிலோ பைரவியிலோ அமைந்த பாட்டுக்குக் கமகம் இழைய முடியாத கட்டையில் துணை வாசிப்பவர், மெட்டின் முக்கிய சுரங்களை மட்டும் தொட்டு, ஆதார சுருதியை நிலைநிறுத்தி, மற்றதைப் பாடகருக்கு விட்டுவிடுவதே முறை. அனுபவமுள்ள சபை ஆர்கனிஸ்டுகள் இதைக் காதால் கற்று அப்படியே செய்துவருகிறார்கள்.

தமிழ் மண்ணில் ஆர்கனிஸ்டுகளுக்கு ஒரு வட்டாரப் போட்டி அமைக்கப்படுமானால் அதன் பாடத்திட்டம் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்: பாக் படைப்பு ஒன்று, சபையோடு சேர்ந்து ஒரு பாமாலை, பல்லவி முதல் சரணம் வரை ஒரு கீர்த்தனை, ஆயர் பீடத்துக்கு வரும்வரை நீட்டிக் கட்டி வாசிக்கும் முன்னிசை. நடுவர் இருக்கையில் ஆர்கன் அறிந்தவர் ஒருவரும் ராகம் அறிந்தவர் ஒருவரும் அமர வேண்டும்.